பிலோமின் பெயரில் ஓர் அணி

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது இசபெல்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கை புருஷன் யாகப்பனின் முழங்கையைப் பிடித்திருந்தது. இருமி இருமி அவனுக்கு நடக்கவே முடியவில்லை. 1976ஆம் வருஷம், ஆனி மாத வெயில். சைகோனிலிருந்து இந்தியக் குடும்பங்களை ஏற்றிவந்த விமானத்தில் சென்னை வரைக்கும் வந்து, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார்கள்.

யாகப்பனுக்கு இது பிறந்த ஊர். ஆனால் ஏழு வயதில் அப்பாவோடு கப்பலேறியவன். மாதா கோயில் தெருவுக்கு எப்படிப் போவது என்று பெட்டிக்கடையில் வழி கேட்டுக்கொண்டிருந்தான். இசபெல்லாவுக்கோ காரைக்கால் என்பது புருஷன் வாயில் இருபது வருஷமாகக் கேட்டுவந்த ஒரு பெயர், அவ்வளவுதான். அவள் வியட்நாம்காரி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்தான் இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழைந்தது. வீட்டில் அழைக்கும் பெயர் லான். யாகப்பன் போனபிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆளில்லாமல் போயிற்று.

அவர்களோடு மூன்றாவதாக ஒருவன் வந்திருக்க வேண்டும். மகன் பிலோமின்ராஜ், பத்தொன்பது வயது. போர் முடிந்து ஆட்சி மாறியதும் இளைஞர்களைக் காடு திருத்தும் வேலைக்கு அனுப்பினார்கள், அவனும் போயிருந்தான். விமானத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது அவனை வரவழைக்க நேரமில்லை. இந்த முறை போகாவிட்டால் இனி இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்த ஒருவனிடம் மகன் சொல்லி அனுப்பியிருந்தான்: "நீங்கள் முன்னால் போங்கள். நான் எந்த வழியிலாவது வந்துவிடுவேன். காரைக்கால், மாதா கோயில் தெரு. மறக்க மாட்டேன்."

இந்த ஊரில் இசபெல்லா காலூன்றியதற்கு அந்தச் சொல் ஒன்றுதான் காரணம். வந்த இரண்டாம் வருஷத்தில் நெஞ்சுச் சளி முற்றி யாகப்பன் இறந்துபோனான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அவன் உறவுக்காரர்கள் பாரிசுக்குக் கூப்பிட்டார்கள். அவளுடைய அண்ணன்கூட அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். இசபெல்லா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மகன் கேட்டுக்கொண்டு வரப்போவது மாதா கோயில் தெருவைத்தானே.

பிழைப்புக்கு அவளுக்குத் தெரிந்தது ரொட்டி சுடுவது. சைகோனில் அவள் தகப்பன் ரொட்டிக் கடை வைத்திருந்தார். இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. நீளமான, மேல்தோல் மொறுமொறுப்பான ரொட்டிக்கு ஏங்கியிருந்த வாய்கள். கொல்லையில் செங்கல் அடுப்பு கட்டினாள். சவுக்கு விறகு எரித்தாள். மாவு பொங்க ஈஸ்ட் கிடைக்காத நாட்களில் கள்ளுக்கடையிலிருந்து கள் வாங்கி ஊற்றினாள். முதல் வாரம் கருகியது. அப்புறம் வந்த ரொட்டியை ஊர் விடவில்லை. சைகோன் ரொட்டி என்று பெயரே வந்துவிட்டது. சைக்கிளில் போன ரொட்டி மூன்று சக்கர வண்டிக்கு மாறி, கடைசியில் ஒரு பழைய வேனில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நாகூர் என்று போய் வந்தது.

அவள் தமிழைப் பற்றிச் சிரிக்காதவர்கள் இல்லை. சமையலுக்கும் ஜெபத்துக்கும் ஆன சொற்கள் மட்டுமே தெரிந்து வந்தவள், ஆரம்பத்தில் எல்லாரையும் "வா, போ" என்றாள். பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டு ஆஸியா பீவிதான் சொல்லிக்கொடுத்தாள்: "எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு 'ங்க' போட்டுருங்க இசபெல்லாம்மா. ஒருத்தரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க." அன்றிலிருந்து இசபெல்லா சின்னப் பையன்களுக்கும் 'ங்க' போட்டாள். மாவை முகர வரும் ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டினாள்.

பந்தாட்டம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது மீந்த ரொட்டியால். அரசலாற்றங்கரையை ஒட்டிய திடலில் சாயங்காலம் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். விற்காத ரொட்டியைக் கூடையில் வைத்து அங்கே எடுத்துப் போவாள். பந்தாட்டம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிலோமின் தினமும் பந்தோடு போய், முட்டியில் ரத்தத்தோடு வருவான், அது தெரியும். இந்தப் பையன்களின் முட்டியும் அப்படித்தான் இருந்தது.

அவர்களில் ஒருவன் காத்தமுத்து. நெடுங்காட்டுக்காரன். தாய் ராசாத்தி வயலில் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள், தகப்பன் இல்லை. அவனும் பகலில் வயலில் நின்றுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஓடிவருவான். பந்து அவன் காலுக்கு வந்தால் திடலைச் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆட்டம் முடிந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல், தண்ணீரைக் குடித்துக் குடித்து அவன் விழுங்குவதை இசபெல்லா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பையன்களுக்குப் பழக்கம் கொடுத்தவர் மரியசூசை, பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். 1979இல் மாயவரத்தில் ஒரு போட்டிக்குப் போக வேண்டும், பனியன் இல்லை என்று தயங்கித் தயங்கி அவளிடம் வந்து கேட்டார். அவள் உடனே சரி என்றாள். அணிக்கு என்ன பெயர் என்று தையல்காரர் கேட்டதற்கு யாரும் வாய் திறக்கும் முன்னால், "பிலோமின்" என்றாள்.

அந்தப் போட்டியில் தோற்றார்கள். பாதிப் பேர் வரவில்லை.

"ஏங்க வரல?" என்று இசபெல்லா கேட்டாள்.

"அறுப்பு நேரம்மா. ஒருநாள் கூலிய விட்டா வீட்டுல அடுப்பு எரியாது" என்றார் மரியசூசை.

அவள் அன்று முழுக்க மாவைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். மறுநாள் அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மாசச் சம்பளம் நான் குடுக்குறேங்க. பந்து ஆடுறதுதான் வேலை. வேற வேலை வேண்டாங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். "அது மெட்ராஸ், கல்கத்தாவுல பெரிய கம்பெனிக்காரங்க செய்யிற காரியம்மா."

"நானும் கம்பெனிதானேங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

இப்படித்தான் ரொட்டிக் கடைக்காரி ஒரு பந்தாட்ட அணிக்கு முதலாளி ஆனாள். பையன்களுக்குச் சம்பளம், பூட்ஸ், மத்தியானச் சாப்பாடு. வெளியூர் போக ரொட்டி வேன். ஊரில் பேசாத பேச்சில்லை. புருஷனை இழந்தவளுக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள். வாலிபப் பையன்களுக்குச் சோறு போடுகிறாளாம் என்று காதோடு காதாகச் சொன்னார்கள். அவளுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் அணி கும்பகோணத்தில் ஜெயித்தது, புதுக்கோட்டையில் ஜெயித்தது. பேசியவர்களே பஸ் பிடித்துப் போய்க் கைதட்டினார்கள்.

பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் வாத்தியாரிடம் எடுத்துப் போவாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொள்வாள்.

"இந்தப் பேப்பர் மெட்ராஸ்ல கிடைக்குமாங்க?"

"கிடைக்கும்மா."

"மலேசியாவுல?"

வாத்தியார் பேப்பரைத் திருப்பி, அச்சிட்ட ஊர்களைத் தேடினார். ஆஸியா பீவிதான் சொன்னாள், தன் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருக்கிறார், தமிழ்ப் பத்திரிகை அங்கேயும் வரும் என்று. வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்கள் மலேசியக் கரையில் ஒதுங்குகிறார்கள் என்பதை இசபெல்லா ரேடியோவில் கேட்டிருந்தாள். அவள் கணக்கு அதுதான். தகப்பனிடம் தமிழ் எழுத்துப் படித்த மகன் எங்கே கரையேறியிருந்தாலும், அவனுடைய பெயர் அவன் கண்ணில் பட வேண்டும். படுவதற்கு அணி ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கக் காத்தமுத்து வேண்டும்.

1981இல், மழைக்காலம் தொடங்கும் முன்பு, சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். அவர்களுக்குச் சொந்த அணி உண்டு. காத்தமுத்துவை எடுத்துக்கொள்கிறோம், கம்பெனியிலேயே நிரந்தர வேலை, ஆடும் வயது போனபிறகும் வேலை இருக்கும் என்றார். அவன் இப்போது ஆடும் அணியின் சொந்தக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

ராசாத்தி மகனோடு வந்தாள். எங்காவது கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்பின் சூடு படாத மூலையாகப் பார்த்து நின்றாள்.

"எங்க வம்சத்துலயே யாரும் மாசச் சம்பளம் வாங்குனதில்லீங்கம்மா. உங்களாலதான் வாங்குனான். இப்ப அவன் நல்லா இருக்க ஒரு வழி தொறந்துருக்கு. நீங்க மனசு வைக்கணும்."

இசபெல்லா காத்தமுத்துவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தை மாசம் திருச்சியில பெரிய போட்டி இருக்குங்க" என்றாள். "போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடுவாங்க. அது முடியட்டுங்க. அடுத்த வருஷம் போலாங்க."

"அடுத்த வருஷம் அவங்க கேப்பாங்களாம்மா?"

"கேப்பாங்க. நல்லா ஆடுறவங்கள கேப்பாங்க."

ராசாத்தி மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மரியசூசை வாத்தியார் தனியாக வந்து சொல்லிப் பார்த்தார். "அந்தப் பையனுக்கு இருக்குறது அந்தக் காலுதாம்மா. இன்னும் நாலஞ்சு வருஷந்தான் ஓடும். விட்டுருங்க." இசபெல்லா ரொட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருவதாக மட்டும் சொன்னாள். கையெழுத்துப் போடவில்லை. வந்தவர் வேறு ஊருக்கு வேறு பையனைத் தேடிப் போய்விட்டார்.

காத்தமுத்து எப்போதும்போல ஆட வந்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நேரே திடலுக்கு வந்துவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போனான்.

திருச்சிப் போட்டியின் அரையிறுதியில், பருவம் தவறிப் பெய்த மழையில் ஊறிய மைதானத்தில், எதிரணிக்காரன் ஒருவன் பந்தென்று நினைத்து உதைத்தது காத்தமுத்துவின் முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசபெல்லாவுக்குக் கேட்டது. சவுக்கு விறகு ஒடிவது போலத்தான் இருந்தது. அவள் மைதானத்துக்குள் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் கண்ணைத் திறக்காமல், "விடுங்க" என்றான்.

மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. மறுபடி தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாள், யார் யாரையோ பார்த்தாள். செலவுக்கு வேனை விற்றாள். கால் நேராகவில்லை. காத்தமுத்து ஒரு பக்கம் சாய்ந்து நடந்து நெடுங்காட்டோடு இருந்துவிட்டான். அவள் கொடுத்தனுப்பிய சம்பளம் இரண்டு மாதம் வாங்கப்பட்டது. மூன்றாம் மாதம் திரும்பி வந்தது.

அணி தொடர்ந்து ஆடியது. பெயரும் எப்போதாவது பத்திரிகையில் வந்தது. இசபெல்லா விரல் வைத்துப் பார்ப்பதும் நின்றபாடில்லை.

1983 கோடையில் ஆஸியா பீவியின் வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்தார். போன முறை அவர் புறப்பட்டபோது இசபெல்லா மகனின் படத்தைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லியிருந்தாள். வந்த மறுநாள் ஆஸியா பீவி தனியாகத்தான் வந்தாள். கடையில் ஆள் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினாள்.

"இசபெல்லாம்மா, உக்காருங்க."

"நின்னுக்கிறேங்க. சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரர், படகுல வந்தவங்கள வச்சிருந்த ஒரு தீவு முகாம்ல இருந்து வந்த ஒருத்தரப் பாத்துருக்காங்க. இப்ப கோலாலம்பூர்ல தையக்கடையில வேலை பாக்குறாரு. படத்தக் காட்டுனதும் அடையாளம் சொல்லிட்டாராம். புருவத்துல தழும்பு, தமிழ் முகம், பேரு பிலோமின். ஒரே படகுல வந்தாங்களாம்."

இசபெல்லாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்த ஆஸியா பீவி இன்னும் கிட்டே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போச்சாம்மா. குடிக்கத் தண்ணி இல்ல. நெறைய பேரு போயிட்டாங்க. தம்பியும் போயிட்டாப்ல. கடைசியா யாராவது கேட்டா காரைக்கால்னு சொல்லுங்கன்னு சொன்னுச்சாம். அந்த ஊரு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாமப் போச்சு. அந்தப் பேர மட்டும் மனசுல வச்சிருந்துருக்காரு."

"எப்பங்க?" என்றாள் இசபெல்லா.

"எழுபத்தெட்டு கடைசியில."

அப்போது அணியே இல்லை. பனியன் தைக்கவில்லை. காத்தமுத்துவை அவள் பார்த்ததுகூடக் கிடையாது.

இசபெல்லா அழவில்லை. அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று எழுந்து போனாள். எடுத்து அடுக்கினாள். ஒவ்வொன்றாகத் துணியால் மூடினாள். ஆஸியா பீவி பின்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தபிறகு இசபெல்லா அடுப்பு வாயில் உட்கார்ந்து, தன் மொழியில் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷத்தில் அவள் அந்த மொழியை வாய்விட்டுப் பேசி ஆஸியா பீவி கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு சொல்லும் புரியாமல் அவளும் உட்கார்ந்து அழுதாள்.

மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். மறுநாள் இசபெல்லா மரியசூசை வாத்தியாரை அழைத்து, அணிக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், பனியனில் இருக்கும் பெயரைப் பிரித்துவிடுங்கள் என்றாள். சம்பளம் அந்த மாதத்தோடு சரி. பையன்கள் மறுத்துப் பேச வந்தார்கள். வாத்தியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அவள் செய்தது, நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறியதுதான். ராசாத்தியின் வீடு வாய்க்கால் மேட்டில் இருந்தது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. காத்தமுத்து வீட்டு நிழலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் எழ முயன்றான்; அவசரத்தில் அந்தக் கால் வழுக்கியது. மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

ராசாத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செய்தி அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கேள்விப்பட்டேம்மா. பெத்த வயிறு எப்படித் துடிக்கும்னு எனக்குத் தெரியும்."

இசபெல்லா தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். ஏழு வருஷமாகச் சேர்த்த தமிழ் அத்தனையும் அந்த நேரத்தில் அவளை விட்டுப் போயிருந்தது.

"உங்க பையன நான் புடிச்சு வச்சேங்க" என்றாள். "என் பையனுக்காகங்க. என் பையன் இல்லீங்க. அப்பவே இல்லீங்க."

ராசாத்தி வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்களுக்கு உங்க புள்ள பெருசு. எனக்கு என் புள்ள பெருசு. நான் என்னத்தச் சொல்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் இசபெல்லாவுக்குத் தாங்கவில்லை.

கடையில் பாதியைக் காத்தமுத்து பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றாள். அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம்மா" என்றான்.

ஆனால் தீபாவளி கழிந்து ஒரு காலையில் அவனே கடைக்கு வந்தான். தங்கை பெரியவளாகியிருந்தாள், தாய்க்கு முதுகு வளைந்துவிட்டது, வயலில் நிற்க இவன் கால் உதவாது.

"சும்மா எதுவும் குடுக்காதீங்க. உக்காந்து செய்யிற வேலை இருந்தா சொல்லுங்க" என்றான்.

விற்பனை மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஐந்து வருஷம் அவர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். மாவு வந்ததா, விறகு காய்ந்ததா, கோட்டுச்சேரிக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பந்தாட்டத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. திடலில் ஆடிவிட்டு வரும் பையன்கள் கடை வாசலில் நின்று ஆட்டக் கதை பேச ஆரம்பித்தால், காத்தமுத்து மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவான். இசபெல்லா வெளியே வந்து பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பாள். தங்கை கல்யாணத்துக்கு அவள் போனாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மழைநாளில் அவன் கால் குடைகிறது என்று தெரிந்தால் அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி முக்காலிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவாள். அவன் காலை நீட்டி அதன்மேல் வைத்துக்கொள்வான்.

இனி யாருக்காக இங்கே இருக்க வேண்டும், அண்ணனிடம் போய்விடலாமே என்று ஆஸியா பீவி கேட்டதுண்டு. "இனிமே எங்க போறதுங்க" என்பாள் இசபெல்லா.

1988 ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பழைய ஆட்டக்காரர்கள்தான் பெட்டியைச் சுமந்தார்கள். சுவாமியார் ஜெபித்து முடித்ததும், முதல் மண்ணைப் போடக் காத்தமுத்துவைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பிள்ளை மாதிரி இருந்தவன் அவன்தானே என்று யாரோ சொன்னார்கள்.

அவன் நகரவில்லை. மரியசூசை வாத்தியார் தோளைத் தொட்டார்.

"நீ போடு முத்து."

"அது அவங்க மவன் போட வேண்டிய மண்ணு வாத்தியாரே" என்றான். "அவன் எடத்துல என்னைய ஒருக்கா நிறுத்தியாச்சு. மறுபடி நிக்க என்னால முடியாது."

வாத்தியாரே முதலில் போட்டார். பிறகு மற்றவர்கள். ஆஸியா பீவி வெளியே சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வாசலைத் தாண்டிப் போனபிறகு காத்தமுத்து வழுக்கும் சேற்றில் சாய்ந்து சாய்ந்து குழிக்கு வந்தான். கை நிறைய அள்ளிப் போட்டான். பின்பு வெட்டியான் மூடி முடிக்கும்வரை, மழையில், அங்கேயே நின்றான்.